மழைக்குக் காற்றைக் குறைக்காதீர்கள், ஐயா!

ஐப்பசி பிறந்தால் நம் புதுச்சேரியில் இரண்டு காரியங்கள் தவறாமல் நடக்கும். வாய்க்கால்களெல்லாம் தூர் வாரியாகிவிட்டது என்று பேப்பரில் செய்தி வரும். "மழைக்காலம் வந்துடுச்சி, வண்டியில காத்தக் கொஞ்சம் கொறைச்சி வெச்சிக்குங்க, ரோட்ட நல்லாப் புடிக்கும்" என்று யாராவது ஒரு பெரிய மனிதர் உபதேசம் செய்வார். முதல் செய்தி மெய்யா பொய்யா என்பது முதல் நாள் மழையில் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது தெரிந்துவிடும். இரண்டாவது, திண்டிவனம் சாலையில் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்? ஆகவே இப்போதே எழுதிவிடுகிறேன். அந்த உபதேசம் தப்பு. பாதித் தப்பு இல்லை, முழுத் தப்பு.

சொல்கிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை. காலையில் கடற்கரைச் சாலையில் என்னோடு நடக்கிறவர்களில் நாலு பேர் இதைச் சொல்கிறார்கள். ஒருவர் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என் மைத்துனரும் இந்தக் கட்சிதான். "மாமா, காத்து கொறைஞ்சா டயரு பட்டையா உக்காரும். ரப்பரு நெறைய தரையில படும். நெறைய பட்டா நெறைய புடிக்கும். இதுக்கு என்னா படிப்பு வேணும்?" என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்த வாதம் மணலில் சரி. கடற்கரை மணலில் ஜீப்பை இறக்குகிறவன் காற்றைக் குறைத்துத்தான் இறக்குவான். சேற்று வயலிலும் அப்படியே. அங்கே சக்கரம் புதையாமல் இருக்க வேண்டும், அதற்கு அகலம் வேண்டும். தார்ச்சாலையில் மழை பெய்தால் சாலை மணலாகிவிடுகிறதா? அங்கே சக்கரத்துக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் நிற்கிறது. அந்தத் தண்ணீரைத் தள்ளிவிட்டு அடியிலிருக்கும் தாரைத் தொட வேண்டும். அது முற்றிலும் வேறு வேலை.

அந்த வேலை எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னக் கார்களின் டயர் சுமார் 175 மில்லிமீட்டர் அகலம். சாலையில் மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று வையுங்கள். பெரிய வெள்ளம் ஒன்றும் இல்லை, செருப்பின் அடிப்பட்டை நனைகிற அளவுதான். 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது. மூன்றையும் பெருக்கினால் ஒரு நொடிக்கு 11 லிட்டருக்கு மேல் வரும். அதாவது முன்சக்கரம் ஒவ்வொன்றும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீரை ஒதுக்கித் தள்ள வேண்டும். டயர் தரையைத் தொடுகிற இடமோ நம் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கை ஓர் இடத்தைக் கடக்க, நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதற்குள் தண்ணீர் வெளியேற வேண்டும். வெளியேறாவிட்டால் டயர் தண்ணீர் மேல் ஏறிக்கொள்ளும். அப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கேட்காது, பிரேக்கை மிதித்தாலும் கேட்காது. படகில் ஏது பிரேக்? எங்கள் பிரெஞ்சுப் பாடப்புத்தக மொழியில் இதற்கு அக்வாபிளனாழ் என்று பெயர். இங்கே வொர்க்ஷாப்பில் ஹைட்ரோபிளேனிங் என்கிறார்கள். தமிழில் வண்டி மிதக்குது என்றாலே போதும்.

டயரில் பள்ளம் பள்ளமாக வெட்டியிருப்பது, நம் ஆட்கள் பட்டன் என்று சொல்வது, இந்தத் தண்ணீர் ஓடுவதற்கான வாய்க்கால்தான். காற்றைக் குறைத்தால் என்ன ஆகிறது? டயரின் நடுப்பாகம் மேலே உள்வாங்குகிறது, பாரமெல்லாம் இரண்டு ஓரத்துக்கும் போகிறது. பள்ளங்கள் நெருக்கிக்கொண்டு மூடிக்கொள்கின்றன. வாய்க்காலும் அடைபட்டது, நடுவில் தண்ணீர் தேங்க இடமும் கிடைத்தது. என் மைத்துனர் சொல்வதுபோல ரப்பர் பட்டையாகத்தான் உட்காருகிறது, ஆனால் தரையில் இல்லை, தண்ணீர் மேல்.

அமெரிக்காவின் நாசா 1960-களில் விமானங்கள் ஈர ஓடுபாதையில் வழுக்குவதை ஆராய்ந்து ஒரு சூத்திரம் போட்டது. சக்கரம் மிதக்கத் தொடங்கும் வேகம், காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் என்பது அதன் சாரம். அதன்படி 32 பவுண்டு காற்று இருந்தால் 94 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கும். 24 பவுண்டு இருந்தால் 82-லேயே மிதக்கும். விமானச் சக்கரத்துக்குப் போட்ட கணக்கு, காருக்கு அச்சாகப் பொருந்தாது. பட்டன் தேய்ந்தால் இன்னும் குறைந்த வேகத்திலேயே ஆபத்து வந்துவிடும். ஆனால் திசை ஒன்றுதான்: காற்று குறைந்தால் மிதக்கும் வேகமும் குறையும். பன்னிரண்டு கிலோமீட்டரை எதற்காக ஐயா கையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறீர்கள்?

அதற்காக நாற்பது பவுண்டு அடித்துக்கொண்டு வராதீர்கள். அளவுக்கு மேல் அடித்தால் டயர் நடுவில் உப்பி, தரையைத் தொடும் உள்ளங்கை சிறுத்துப் போகும். அதுவும் வழுக்கும், தேய்மானமும் ஒரே இடத்தில் வரும்.

இன்னொரு விஷயம். மழைக்காலத்தில் நீங்கள் குறைக்காமலேயே காற்று குறைந்துதான் இருக்கிறது. பள்ளியில் கே-லுசாக் விதி என்று ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். மூடிய கலத்தில் வெப்பம் குறைந்தால் அழுத்தமும் குறையும். பிரெஞ்சுக்காரர் பெயர் என்பதால் எங்கள் வாத்தியார் அதைச் சற்றே பெருமையோடு நடத்துவார். அக்னி நட்சத்திரத்தில் 38 டிகிரியில் அடித்த காற்று, கார்த்திகை இரவில் 24 டிகிரிக்கு வரும்போது சுமார் இரண்டு பவுண்டு இறங்கிவிடும். அது போக, நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பவுண்டு அளவுக்குத் தானாகக் கசியும். மே மாதம் 32 அடித்துவிட்டு மறந்தவர் டயரில் நவம்பரில் 25-க்குப் பக்கத்தில் இருந்தால் ஆச்சரியமே இல்லை. அதிலிருந்து இன்னும் நாலைக் குறைக்கச் சொல்கிறார் நம் பெரிய மனிதர்!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அம்பாசிடர் காலத்தில் இருந்து வந்தது. அப்போது 5.90-15 டயர், உள்ளே டியூப், காற்று இருபதுகளில்தான் வைப்போம். அந்த எண் நம் தலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. இப்போது எல்லாம் டியூப் இல்லாத ரேடியல். அதன் பக்கவாட்டுச் சுவர் மெல்லியது, சரியான காற்று இருக்கும்போதே கீழே கொஞ்சம் பிதுங்கித்தான் தெரியும். கண்ணால் பார்த்தோ காலால் உதைத்தோ ஒன்றும் சொல்ல முடியாது. ஆனாலும் நம் ஆட்கள் காரைச் சுற்றி வந்து நாலு டயரையும் ஒவ்வொரு உதை உதைத்துவிட்டு, "சரியாத்தான் கீது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்கள்.

"அந்தக் காலத்துல மொட்டை டயர்லயே காரைக்கால் போய் வந்தோமே" என்கிற வாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாத கதை இல்லை. நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் சில வருஷம் வண்டிகளின் லாக் புத்தகமும் டயர் கோரிக்கைக் கோப்பும் என் மேசையில் இருந்தன. புது டயர் கேட்டால், பழைய டயர் இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. ஓடவில்லை என்றால் கிடையாது. பட்டன் இருக்கிறதா, பக்கச் சுவர் வெடித்திருக்கிறதா என்று கேட்க அந்தக் கோப்பில் இடமே இல்லை. ஒரு ஜீப்புக்கு நான் இரண்டு முறை குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். இரண்டு முறையும் "தணிக்கை ஆட்சேபம் வரும்" என்று திரும்பி வந்தது. அந்த ஜீப்பின் ஓட்டுநர் என் மேசை முன்னால் நின்று, "சார், ரோட்ல ஓடறது உங்க ஃபைலு இல்ல, நானு" என்றார். அவர் சொன்னதில் ஒரு தவறும் இல்லை. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுதும் கடலூர், சிதம்பரம், சீர்காழி வழியாக அவர் அதே டயரில்தான் போய் வந்தார். ஒன்றும் ஆகவில்லை. எப்படி ஆகும்? அந்த ஜீப் ஐம்பதைத் தாண்டினால் கதவு கழன்றுவிடும்போல ஆடும். சாலையும் அப்படி. இன்று நாலுவழிச் சாலையில் ஏசி போட்டுக்கொண்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, நூறில் போவதே தெரியாமல் போகிறோம். அன்றைய மொட்டை டயரின் தைரியத்தை இன்றைய வேகத்தில் காட்ட முடியாது.

பட்டன் எவ்வளவு இருக்க வேண்டும்? சட்டப்படி காருக்குக் குறைந்தபட்சம் 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் சின்னச் சின்ன மேடு வைத்திருப்பார்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் கதை முடிந்தது என்று அர்த்தம். ஆனால் சட்டம் சொல்வது கடைசி எல்லை. புது டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் பள்ளம் இருக்கும். மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால் மழையில் நெடுஞ்சாலைக்கு எடுத்துப் போகாதீர்கள் என்பதே என் கட்சி. அளக்கக் கருவி வேண்டாம். ஒரு தீக்குச்சியைப் பள்ளத்தில் நுழைத்து, நகத்தால் அடையாளம் பிடித்து, பேரப்பிள்ளையின் ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். ஓரத்தில், நடுவில், மறு ஓரத்தில் என மூன்று இடத்தில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் கெட்டிருக்கிறது.

இனி நம் வயதுக்காரர்களோடுதான் எனக்குச் சண்டை. நம்மில் பலருடைய கார் வருஷத்துக்கு மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மார்க்கெட், மருத்துவமனை, ஒரு கல்யாணம், ஒரு திருவண்ணாமலை. மீதி நாளெல்லாம் ஷெட்டில் துணி போர்த்தி நிற்கிறது. எட்டு வருஷம் ஆனாலும் பட்டன் புதுசுபோல இருக்கிறது. "இன்னும் நாலு வருஷம் தாங்கும்" என்று பெருமையாகச் சொல்கிறோம். ரப்பர் ஓடினால்தான் கெடும் என்று யார் சொன்னது? நின்றாலும் கெடும். வெயிலிலும் காற்றிலும் அது இறுகி, ஸ்லேட்டுப் பலகைபோல ஆகிவிடும். ஈரத் தாரின் சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் அமுங்கிப் பிடிக்க ரப்பருக்கு மென்மை வேண்டும், இறுகிப் போனால் வழுக்கத்தான் செய்யும். டயரின் பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றிருந்தால், 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. உள்பக்கமாகத் திரும்பியிருந்தால் குனிந்துதான் பார்க்க வேண்டும், முதுகு வலித்தால் மருமகனைக் குனியச் சொல்லுங்கள். ஐந்து வருஷத்துக்கு மேலானால் வருஷா வருஷம் காட்டிப் பரிசோதிக்க வேண்டும். விரல் நகத்தால் அழுத்தினால் துளிகூட அமுங்காமல், பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்பு ஓடியிருந்தால், பட்டனைப் பார்க்காமல் மாற்றுங்கள். கொலு பொம்மைக்கு வருஷத்துக்கு ஒன்று புதிதாக வாங்குகிற வீட்டில் டயருக்கு மட்டும் ஏன் இந்தக் கஞ்சத்தனம் என்று எனக்கு விளங்குவதில்லை.

இரண்டு டயர்தான் மாற்றப் பணம் இருக்கிறது என்றால் புதியதை எங்கே போடுவது? கடையில் முன்னால் போடுவார்கள். "இன்ஜின் முன்னாடிதான் இழுக்குது, ஸ்டியரிங்கும் முன்னாடிதான் இருக்குது" என்பார்கள். எங்கள் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியரின் மகள் குடும்பத்துக்கும் ஒரு கடையில் அப்படித்தான் போட்டுக்கொடுத்தார்கள். இருபது நாள் கழித்து, கார்த்திகை மாதம், சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்துகொண்டிருந்தார்கள். மரக்காணம் உப்பளம் தாண்டி ஒரு வளைவு. கொட்டுகிற மழைகூட இல்லை. எண்பதில் வந்த கார் பின்பக்கம் வீசி, இரண்டு சுற்றுச் சுற்றி, மின்கம்பத்தில் போய் நின்றது. முன்டயர் இரண்டும் பிடித்தன, பின்டயர் இரண்டும் விட்டுவிட்டன. அந்தப் பெண்ணுக்கு முப்பத்தெட்டு வயது. இடுப்பெலும்பு முறிந்து, இன்றைக்கும் கைத்தடியோடுதான் மாடிப்படி ஏறுகிறாள்.

முன்டயர் வழுக்கினால் கார் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வேகம் குறைந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும், நம்மைப்போன்றவர்களாலும் சமாளிக்க முடியும். பின்டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும். பந்தய ஓட்டுநரைத் தவிர யாராலும் பிடிக்க முடியாது. அதனால் நல்ல டயர் எப்போதும் பின்னால். முன்சக்கர இழுவைக் காராக இருந்தாலும் அப்படித்தான். உலகத்தின் பெரிய டயர் கம்பெனிகள் எல்லாம் இதையே சொல்கின்றன. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை, நின்று மாற்றச் சொல்லுங்கள்.

வாங்கும்போது இன்னும் சில இடங்களில் ஏமாற்றுவார்கள். செகண்ட் ஹாண்ட் டயர்க் கடையில் மொட்டை டயரில் கத்தியால் புதுப்பள்ளம் வெட்டி, கறுப்பு மை பூசி அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அது டயர் இல்லை, கொலைக் கருவி. அடுத்தது பேரன்மாருடைய அகல டயர் மோகம். பார்க்க மிடுக்காக இருக்கும். அகலம் கூடினால் தள்ள வேண்டிய தண்ணீரும் கூடும், சீக்கிரம் மிதக்கும். கம்பெனி எந்த அளவு சொல்லியிருக்கிறதோ அதுவே போதும். சுற்றுவாட்டில் அகலமான நீளப் பள்ளங்கள் உள்ளதாகப் பார்த்து, தயாரித்த வாரத்தைப் படித்துக் காட்டச் சொல்லி வாங்குங்கள். ஐரோப்பாவில் 2012 முதலே ஒவ்வொரு புது டயரிலும் ஈரச்சாலையில் எப்படிப் பிடிக்கும் என்று தரம் போட்டு லேபிள் ஒட்ட வேண்டும். நம் மத்திய அரசும் 2022-இல் ஈரப்பிடிப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வைத்து விதியைத் திருத்தியது. ஆனால் கடையில் போய் "மழைக்கு எது நல்லது?" என்று கேட்டால் இன்னும், "எல்லாமே நல்லதுதான் சார், எது வேணும் சொல்லுங்க" என்கிறார்கள்.

மிஷ்லேன் கம்பெனியின் டயர் மனிதனை நம்மூர்ப் பழைய ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவன் பெயர் பிபெந்தம். 1898 விளம்பரப் படத்தில் ஆணியும் கண்ணாடிச் சில்லும் நிரம்பிய கோப்பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பான். டயர் எதையும் குடித்துவிடும் என்று காட்டத்தான் அந்தப் படம். அவன் பெயரும் குடிப்பது என்ற பொருள் வரும் லத்தீன் சொல்தான். ஆணி போகட்டும், தண்ணீரைக் குடிக்கிற டயராக இருந்தால் நமக்குப் போதும்.

சரியான காற்றளவு எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டியில் பெட்ரோல் மூடியின் உட்புறம். அங்கே பார் கணக்கில் போட்டிருந்தால் 14.5-ஆல் பெருக்குங்கள். 2.2 பார் என்றால் 32 பவுண்டு. குடும்பத்தோடு சாமான் ஏற்றிப் போகும்போது பின்டயருக்குத் தனி அளவு கொடுத்திருப்பார்கள், அதையும் படியுங்கள். டயர் மேலேயே 44, 51 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அது டயர் தாங்கும் உச்ச அளவு, அடிக்க வேண்டிய அளவு இல்லை. காலையில் வண்டி ஓடி டயர் சூடாகும் முன் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை, மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஸ்டெப்னியை மறக்காதீர்கள், அவசரத்தில் அதை எடுக்கும்போதுதான் அதில் பத்துப் பவுண்டுகூட இல்லை என்று தெரியும். நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். அடியுங்கள், கொஞ்சம் மெதுவாகக் கசியும். மற்றபடி சாதாரணக் காற்றிலும் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன்தான்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் கொட்டும் மழையில் அறுபதுக்கு மேல் போகாதீர்கள். வண்டி மிதப்பது தெரிந்தால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அப்படிப்பட்ட நாளில் எந்த டயரும் உதவாது. வீட்டில் இருங்கள்.

பெட்ரோல் பங்கில் காற்றும் ஒரு தகராறு. இலவசமாக அடித்துத்தர வேண்டும் என்பது எண்ணெய்க் கம்பெனிகளின் விதி. நடப்பது என்ன? மெஷின் ரிப்பேர், பையன் சாப்பிடப் போயிருக்கிறான், அல்லது கேஜ் முள் முப்பதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவன் நம் முகத்தைப் பார்த்து, வயதை எடைபோட்டு, "முப்பது போதும் ஐயா" என்பான். சில நூறு ரூபாய்க்கு ஒரு கேஜ் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டேன், அவன் முப்பது என்றபோது என் கேஜ் 26 காட்டியது. புகார்ப் புத்தகத்தைக் கேளுங்கள், எல்லாப் பங்கிலும் வைத்திருக்க வேண்டும். நான் இதுவரை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். ஒரு பங்கில் பத்து நாளில் புதுக் கேஜ் வந்துவிட்டது. மற்ற இரண்டிலும் அடுத்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும்.